பரிவட்டம் கட்டிச் சொன்ன சொல்

சாட்சிக்கூண்டில் ஏறி நிற்பவரிடம் என் சீனியர் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி ஒருபோதும் வழக்கைப் பற்றியதாக இருந்ததில்லை.

"உங்க குலசாமி கோயில் இங்கயிருந்து எந்தத் திசை?"

சாட்சி சற்றுக் குழம்பிக் கையை நீட்டிக் காட்டுவார்.

"அந்தப் பக்கமாத் திரும்பி நின்னு இப்பச் சொல்லும், பாப்போம்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பதற்குள், நீதிபதி தலை நிமிர்வதற்குள், சாட்சியின் உடம்பு தானாகவே திரும்பியிருக்கும். எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர், வரப்புத் தகராறு ஒன்றில் பிசிறில்லாமல் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவர், அப்படித் திரும்பி நின்றதும் தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு, "அன்னைக்கு நான் ஊர்லயே இல்லய்யா" என்றார். வழக்கு அத்தோடு முடிந்தது.

நான் அப்போது அவரிடம் ஜூனியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. டீக்கடைக்கு நடக்கும்போது, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "சாமி உண்டா இல்லையான்னு நமக்கு எதுக்கும்மா? பயம் உண்டு. அது போதும்."

இந்தக் கரிசல் காட்டு ஊர்களில் ஒரு மனிதரைக் கட்டிவைப்பது எது என்று அவருக்கு மிக நன்றாகத் தெரியும். பின்னாளில் அவர் கொடுத்த ஒரு வாக்கை, அறியாமல் செய்த காரியம் என்று சிலர் அவருக்காக வாதாடியபோது நான் சிரித்ததற்குக் காரணம் இதுதான்.

அவருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். கோவில்பட்டி கோர்ட்டில் பெண் வக்கீல்கள் என்றால் மனு எழுதவும் வாய்தா தேதி கேட்டு வரவும் மட்டுமே என்றிருந்த காலத்தில், வழக்குக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தவர் அவர். நான் திணறினால் இருமுவார். அதற்கு மேல் குறுக்கிட மாட்டார். அந்த நன்றி இன்னும் என்னிடம் இருக்கிறது. இகழ்ச்சியும் அதுவும் ஒரே வீட்டில், ஒன்றோடொன்று பேசாமல், குடியிருக்கின்றன.

அவருடைய ஏற்றத்தில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கட்சிக்குள் இரண்டு கோஷ்டிகள் இருந்தன. இரண்டு கோஷ்டிக்காரர்களின் அடிதடி வழக்கு, நில வழக்கு, குடும்ப வழக்கு எல்லாம் அவருடைய அலமாரியில் அடுத்தடுத்துக் கிடந்தன. எம்.பி. தேர்தலில் வேட்பாளர் யார் என்று இரு தரப்பும் மோதிக்கொண்டு நின்றபோது, இரு தரப்பாலும் மறுக்க முடியாத ஒரே ஆள் அவர்தான் என்று தெரியவந்தது. மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வது மரபு. உண்மையில், எல்லோருடைய ரகசியமும் தெரிந்த ஒருவரை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, அவ்வளவே. அதன் பிறகு பேருந்து நிலையத்தருகே அவருடைய முகம் ஓர் ஆள் உயரத்துக்குப் பலகையில் ஏறியது. கீழே, 'கரிசல் மண்ணின் குரல்'. வாய்தா வாங்குவதற்கு மட்டுமே உயர்ந்து நான் கேட்டிருந்த குரல் அது.

நான் சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றியும் அவளுடைய ஆடுகளைப் பற்றியும்.

அவர் எம்.பி. ஆவதற்கு முந்தைய ஆண்டு, கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து அவள் வந்தாள். கணவனை இழந்தவள்; பிள்ளை இல்லை; செம்மறி ஆடுகள் மட்டும் உண்டு. கோடையில் விவசாயிகளான சம்சாரிகளின் புஞ்சைகளில் கிடை மறிப்பாள், அதாவது இரவில் ஆடுகளை நிலத்தில் அடைத்து உரம் சேர்ப்பாள். மற்ற நாட்களில் காட்டில் மேய்த்து, மதியம் கண்மாய்க்குத் தண்ணீர் காட்ட ஓட்டிப்போவாள். கண்மாய்க்குப் போகிற பாதையின் இரு பக்கத்து நிலங்களையும் ஒரு சோலார் கம்பெனி வாங்கியது. பாதையையும் சேர்த்துக் கம்பி வேலி போட்டுவிட்டது.

"எம்மாமனாரு காலத்துலருந்து ஆடு அந்தப் பாதையிலதான் தண்ணிக்குப் போவுது. இப்பக் கேட்டா, பத்திரத்துல பாதையே இல்லைங்கான்" என்றாள், நாற்காலியில் உட்காராமல்.

அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "பத்திரத்துல உங்க ஆடு இருக்கா?"

"அது எப்படி இருக்கும்?"

"அதுக்காக ஆடே இல்லைன்னு ஆயிருமா? அப்படித்தான் பாதையும்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் உட்கார்ந்தாள். இந்தச் சாமர்த்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஒரு நல்ல வக்கீலாகவே கோவில்பட்டியில் வாழ்ந்து முடித்திருக்கலாம்.

பிராதை நான்தான் எழுதினேன். எழுதுவதற்கு முன் அந்த இடத்துக்குப் போய் அவளோடு வேலியோரம் நடந்து பார்த்தேன். கோடை. சுற்றிலும் கரிசல் கைவிரல் நுழையும்படி வெடித்துக் கிடந்தது. கம்பிக்கு உள்ளே அந்தப் பாதை மட்டும், சற்றுப் பள்ளமாக, வெடிப்பில்லாமல், சாணம் மெழுகிய களம்போல நீண்டு போயிற்று. "இந்நிலம் முழுவதும் கோடையில் வெடிக்கும்போதும் இந்தப் பாதை வெடிப்பதில்லை, தலைமுறைகளாகக் குளம்புகள் மிதித்து இறுக்கிய மண் இது" என்று பிராதில் எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, "கதை எழுதுதியாம்மா?" என்று கேட்டார். ஆனால் அந்த வரியை அடிக்கவில்லை.

வழக்கு முடியும்வரை இருந்த நிலையே தொடர வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது. கம்பெனி பாதையின்மேல் எதுவும் கட்டக்கூடாது. ஆடுகளும் உள்ளே நுழையக்கூடாது. ஆகவே அவள் பைபாஸைச் சுற்றிக்கொண்டு ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்டினாள். லாரிகளுக்கு நடுவே ஆட்டை ஓட்டுவது எப்படியென்று யாருக்கும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. அந்தக் கோடையில் மட்டும் பல ஆடுகள் அடிபட்டன. இருந்தும் அவள் உத்தரவை மீறவில்லை. கோர்ட் சொன்ன சொல் என்று இருந்தாள்.

தேர்தல் முடிந்து அவர் ஜெயித்த பின் வந்த வைகாசியில், அவளுடைய ஊரில் கோயில் கொடை. புது எம்.பி. வருகிறார் என்று ஊரே கூடியிருந்தது. அவள் அழைத்ததால் நானும் போயிருந்தேன். பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, திருநீறு பூசினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தலையில் பரிவட்டம் இருக்கும்வரை ஒருவர் பேசுவது அவருடைய பேச்சு அல்ல. சாமி முன்னால் நின்று கொடுத்த வாக்காகவே அது கொள்ளப்படும். அதனால்தான் அந்த மரியாதை வாங்குகிற பெரியவர்கள், நிலத்தைப் பற்றியோ பகையைப் பற்றியோ வாயைத் திறக்க மாட்டார்கள். கும்பிட்டுவிட்டு, துணி இறங்குகிறவரை உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார்கள். இது அவருக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால், எப்போதும்வென்றான் பெரியவர் தண்ணீர் கேட்ட கதையை நான் அவர்களுக்குச் சொல்வேன்.

அவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார்.

"எந்தங்கச்சி ஒருத்தி ஆட்டை ஓட்டிக்கிட்டு ரோட்டைச் சுத்திப் போறா. இனிமே அந்த அவசியம் இல்ல. அந்தப் பாதையில உங்க ஆடு போகும். எவன் மறிக்கான்னு நான் பாத்துக்கிடுதேன்!"

பெரியவர்கள் அவர் தலையில் இன்னும் இருந்த பரிவட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு பெண்கள் குலவை போட்டார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் காரில் ஏறப்போகும்போது ஓடிப்போய்ச் சொன்னேன். "சார், கோர்ட் உத்தரவு இருக்கு. உள்ள போனாங்கன்னா மாட்டிக்கிடுவாங்க."

"நான் என்ன கோர்ட்லயா சொன்னேன்? அவிய சந்தோசமா இருக்கட்டும்மா." கதவு மூடிக்கொண்டது.

அவளிடம் வந்தேன். தீர்ப்பு வரும்வரை வேலியைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"தாயி, அவிய உங்களுக்குப் பெரிய வக்கீலு. இப்ப அரசாங்கமும் அவியதான். பரிவட்டம் கட்டி நின்னு சொல்லியாச்சு. இதுக்கு மேல எந்தக் கோர்ட்டு?"

மறுநாள் காலையிலேயே கம்பி அறுபட்டிருந்தது. ஆடுகள் பழைய பாதையில் போய்த் தண்ணீர் குடித்துத் திரும்பின. கம்பெனியின் காவலாளி எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொண்டான். அந்த வாரமே கோர்ட்டில் மனு விழுந்தது: உத்தரவை மீறியதற்காக அவளைச் சிவில் சிறையில் வைக்க வேண்டும், அவளுடைய சொத்தை ஜப்தி செய்ய வேண்டும். அவளுக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஆடுகள்தாம். அவற்றைப் பிடித்துக் கட்டிவிட்டால், வழக்கில் ஜெயித்தாலும் பாதையில் நடக்க எதுவும் மிஞ்சாது.

ஒரு வழி இருந்தது. தன்னுடைய வக்கீல், ஊரறியச் சொன்ன வார்த்தையை நம்பித்தான் அவள் போனாள் என்று நிரூபித்தால், கோர்ட் அவளைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். அதற்கு அவர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவருடைய புது அலுவலகத்தில் காத்திருந்தேன். சுவரோரம் சால்வைகள் குவிந்திருந்தன. உதவியாளர் ஒருவர், அவற்றில் ஒன்றால் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டே, "சார் டெல்லி மூட்ல இருக்காங்க, சுருக்கமா முடிச்சிருங்க" என்றார்.

உள்ளே போனதும் அவர் உற்சாகமாக வரவேற்றார். விஷயத்தைச் சொன்னதும் உற்சாகம் இறங்கியது.

"கூட்டத்துல நாலு வார்த்தை பேசுவோம். அதையெல்லாம் பிரமாணமா எடுக்க முடியுமாம்மா?"

"அது கூட்டம் இல்ல சார். கொடை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு பார்வையில், தாம் செய்தது இன்னதென்று அவர் அறிந்திருந்ததை நான் தெளிவாகக் கண்டேன். பிறகு கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"உத்தரவை மீறச் சொன்னேன்னு நானே எழுதிக் கொடுத்தா என் வக்கீல் சன்னது என்னாகும்? பேப்பர்க்காரன் சும்மா இருப்பானா? அடுத்த வாரம் டெல்லியில கமிட்டி வேற இருக்கு."

"அவளுக்கு ஆடு போயிரும் சார்."

"போனா என்ன, ஆடு வாங்கித் தாரேன்னு சொல்லு. கால்நடைத் துறையில இப்ப நல்ல திட்டமெல்லாம் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, மிகுந்த கனிவோடு சேர்த்துக்கொண்டார்: "வெள்ளாடா, செம்மறியா?"

அவள் செம்மறி வளர்ப்பவள் என்பது அவர் கையெழுத்திட்ட பிராதின் முதல் பத்தியிலேயே இருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் இல்லாமலும் செய்யலாம் என்று பட்டது. கொடையில் அவர் பேசியது பலருடைய போனில் இருந்தது. நடந்ததை நடந்தபடி அவளே சொன்னால் போதும். அபிடவிட்டைத் தமிழில் எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பெயர் வரும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது வேண்டாம்."

"ஏன்? பொய்யா இது?"

"பொய் இல்ல. பரிவட்டம் கட்டின தலை சொன்னது இல்லாமப் போச்சுன்னு நான் கோர்ட்டுல ஏறிச் சொன்னா, அவியளுக்கா கேவலம்? எங்க சாமிக்குத்தான கேவலம்."

"ஆட்டைப் பிடிச்சுக் கட்டிருவாங்க."

"கட்டட்டும். தண்ணி காட்டுவாங்கள்ல?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவருடைய கேவலத்தை அவருக்கே விட்டுவிடலாம், சாமி தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். "நீங்க படிச்சவுக, உங்க சாமி பாத்துக்கிடும். எங்க சாமிய நாங்கதான் பாத்துக்கிடணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஊர்ப் பெண்கள் சிலர் வெளியே நின்று, "ஏட்டி, அந்த மனுசனையே கைகாட்டி விட்டுட்டு வாட்டி" என்று ஏசினார்கள்.

விசாரணை நாளில் நீதிபதி ஓர் இளம் பெண். மாறுதலாகி வந்து அதிக நாள் ஆகாதவர். கம்பெனி வக்கீல் நேரே கொடையில் நடந்த பேச்சுக்கே வந்தார். அரசியல் தூண்டுதலால் செய்த மீறல் என்று நிரூபித்தால் தண்டனை கடுமையாகும் என்பது அவருடைய கணக்கு.

"கொடையில உங்களுக்கு ஒருத்தர் வாக்குக் கொடுத்தாரு. உள்ள போகச் சொன்னது அவருதான?"

"யாரும் சொல்லல."

"மைக்ல பேசினது ஊருக்கே கேட்டுச்சும்மா."

"கொடையில ஆயிரம் சத்தம் கேக்கும். வேட்டுச் சத்தம் கூடத்தான் கேட்டுச்சு. ஆட்டுக்குத் தாகம். நான் கம்பிய அறுத்தேன். என் கை அறுத்துச்சு. வேற யாரும் இல்ல."

"தப்புன்னு தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"தெரியும் தாயி. வக்கீலம்மா போகக்கூடாதுன்னு சொன்னாவ. தப்புத்தான்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். மன்னிப்பை ஏற்று, எச்சரித்து, ஜப்தி கேட்ட மனுவைத் தள்ளினார். மூல வழக்கை இனி வாய்தா இல்லாமல் நடத்தி முடிப்பதாகவும் சொன்னார். வெளியே வந்ததும் அவள் வேப்பமரத்தடியில் குந்தி, நான் வாங்கிக் கொடுத்த டீ ஆறும்வரை கையில் வைத்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விசாரணை நடந்துகொண்டிருந்த மாதங்களில், மக்களவையில் அவர் பேசிய ஒரு வீடியோ ஊரெங்கும் சுற்றியது. மேய்ச்சல் பாதைகளைப் பற்றிய பேச்சு. தமிழில் பேசினார், நன்றாகவே பேசினார். "நிலம் முழுவதும் வெடிக்கும்போதும் அந்தப் பாதை வெடிப்பதில்லை, தலைமுறைகளாகக் குளம்புகள் மிதித்து இறுக்கிய மண் அது" என்று குரல் தழுதழுக்கச் சொன்னபோது, பின்னால் இருந்த உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். என்னுடைய வாக்கியம் திருடு போனதில் எனக்கு வருத்தமில்லை. பிராதில் எழுதியது பொதுச் சொத்து. ஆனால் அந்தப் பாதையை அவர் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. அந்தத் தழுதழுப்பை எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் விளங்கவில்லை.

அவளுக்கு அந்த வீடியோவைக் காட்டினார்கள். கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சுட்டாவளே" என்றாள்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. பாதை அவளுக்கும் ஊருக்கும் உரியது. கம்பெனி வேலியில் வாயில் விட வேண்டும், அதைப் பூட்டக்கூடாது. தீர்ப்பின் நடுவில் ஒரு பத்தியை நான் இரண்டு முறை வாசித்தேன். 'வாதி தம் தவறுக்குப் பிறர்மீது பழி சுமத்த வாய்ப்பிருந்தும் சுமத்தாதவர்; ஆகவே பாதையின் பழமை குறித்த அவருடைய சாட்சியத்தை இந்த நீதிமன்றம் ஐயமின்றி ஏற்கிறது' என்பது அதன் சாரம். அந்தக் கூண்டில் அவள் சொன்ன ஒரே பொய்யை வைத்து, அவள் சொன்ன உண்மைகள் எல்லாம் ஏற்கப்பட்டன. என் தொழிலில் நான் வாசித்த புத்தகங்களில் இதற்கு முன்னுதாரணம் எதுவுமில்லை. அப்படியொன்று இருந்தாலும் நான் அதை மேற்கோள் காட்ட மாட்டேன்.

அன்று மாலையே டெல்லியிலிருந்து போன் வந்தது. "நாம ஜெயிச்சிட்டோம் போலயே!"

"அவங்க ஜெயிச்சாங்க சார்."

"அதத்தாம்மா சொல்லுதேன். வாயில் திறக்குற அன்னைக்கு நான் வாரேன். நம்ம ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன்."

வாயில் திறக்கும் நாளில் காலையிலேயே போய்விட்டேன். கட்சிக்காரர்கள் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, அவருடைய படம். புது வாயிலின் குறுக்கே சிவப்பு ரிப்பன் ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் ஆடுகள். அந்தப் பக்கம் பாதை. பாதையின் கடைசியில் கண்மாய். அவர் வரும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று ஒருவர் வாயிலில் நின்றார்.

வெயில் ஏறியது. அவர் மணியாச்சியைத் தாண்டிவிட்டார் என்றார்கள். பிறகு, வழியில் ஒரு கல்யாண வீட்டில் இறங்கியிருக்கிறார் என்றார்கள். ஆடுகள் தண்ணீரின் வாடை தெரிந்து கத்தத் தொடங்கின. குட்டிகள் தாய்களின் வயிற்றுக்குக் கீழே நிழல் தேடி நுழைந்தன.

அவள் ரிப்பன் பக்கத்தில் போய் நின்று அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது என்ன? மறுபடியும் வேலியா?"

"வேலி இல்லக்கா, எம்.பி. வந்து வெட்டுவாங்க. அதுக்கப்புறம் போங்க. போட்டோ எடுக்கணும்ல?"

"ஆட்டுக்கு அது வெளங்குமா?"

"கொஞ்சம் பொறுங்களேன். இவ்வளவு நாள் பொறுத்தீங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒருமுறை கம்பியை அறுத்து, அதற்காகக் கூண்டேறியவள். இம்முறை கை நீட்டத் தயங்கினாள். இதைத் தொடுவதற்கும் ஏதேனும் சட்டம் இருக்குமோ என்று அந்த முகம் என்னிடம் கேட்டது. அதுவரை அவரிடம் எனக்கிருந்தது ஏமாற்றம், எரிச்சல், இளப்பம் ஆகியவற்றின் ஏதோ ஒரு கலவை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அது தெளிந்து இகழ்ச்சி என்ற ஒன்றாயிற்று.

நான் போய் ரிப்பனின் முடிச்சை அவிழ்த்தேன். இறுகியிருந்ததால் நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது.

"மேடம், மேடம், என்ன செய்யுதீங்க? சார் கோவிச்சுக்கிடுவாங்க!"

"கோர்ட் தீர்ப்புல வாயிலப் பூட்டக்கூடாதுன்னு இருக்கு. சார் வக்கீல்தான். கேட்டா புரிஞ்சுக்கிடுவாரு" என்று சொல்லி, ரிப்பனைச் சுருட்டி அந்தக் கட்சிக்காரரிடமே கொடுத்தேன்.

அவள் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தாள். முன்னால் நின்ற ஆடு உள்ளே போனது. பிறகு எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு புழுதியோடு புகுந்தன. நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். கண்மாயில் மடையோரம் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஆடுகள் கரையெங்கும் பரவிக் குனிந்தன.

தூரத்தில் கார்களின் ஹாரன் கேட்டது. பந்தலில் பாட்டை நிறுத்திவிட்டு, வருக வருக என்று கத்தினார்கள். யாரோ வாயிலில் நின்று ஆடுகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிக் கையசைத்தார்கள்.

"அவியளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

அவள் கரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, மந்தையின் ஓரத்தில் இடம் கிடைக்காமல் தவித்த ஒரு குட்டியை இழுத்துத் தண்ணீர்ப் பக்கம் விட்டாள்.

"இதுக குடிச்சு முடியட்டும்" என்றாள்.